மூன்று வாரத்துக்கு ஒருமுறை குறையும் ஆர்வம்

என் செல்ல ஸ்டெல்லாவுக்கு,

நீ சொன்னது சரி.

ஸ்டாஃப் ரூமில் உன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை இது. அதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் நேரம் இருந்தது. தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊறுகாய் பகிர்ந்தோம். சொல்லவில்லை. இப்போது நீ மேல்பட்டாம்பாக்கத்துக் கல்லறையில் இருக்கிறாய், நான் காகிதத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதை நம் ஆசிரியர்கள் படிக்கிற சங்க இதழுக்கு அனுப்பப்போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே. மற்றவர்களுக்கும் தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? ஆறாம் வகுப்புக்கு நான் அறிவியல், நீ கணக்கு. அந்த வருஷம் முழுக்கப் பிள்ளைகளிடம் நான் அதிகமாகக் கேட்ட ஒரே கேள்வி, "கேக்குதா? எல்லாருக்கும் கேக்குதா?" என்பதுதான். பதில் வராது. கறுப்புக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். யாரோ ஒரு வீட்டில் மிக்ஸி ஓடும். நான் இலையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அந்த மிக்ஸிக்கு விளக்கிக்கொண்டிருப்பேன்.

காலை பத்து மணிக்குள் தலைமையாசிரியருக்கு ஸ்கிரீன்ஷாட் போக வேண்டும். அதிகக் கட்டங்கள் தெரிகிற நொடிக்காகக் காத்திருந்து பிடிப்போம். பிடித்து அனுப்பியதும் நீ எனக்குப் போன் செய்வாய். "தலை எண்ணியாச்சாக்கா? இனிமே ஆட்ட அவுத்து வுட்டுடலாம்" என்பாய். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு மறுநாளும் எண்ணுவேன். அதைப் பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொண்டோமே, அதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் நானும் மாணவி ஆனேன். தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. கல்வியியல். நாற்பது வயதை நெருங்கும்போது வந்த ஆசை. நேர்முக வகுப்புகள் எல்லாம் இணையத்துக்கு மாறிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுத் தேங்காய் துருவுவேன். ஒரு பேராசிரியர் கற்றல் கோட்பாடுகளை வாசிப்பார். முன்பே பதிவு செய்த குரல். வாசித்து முடித்ததும் வருகையைத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு 'பிரசென்ட் சார்' என்று அடிப்பேன். என் வருகை நூற்றுக்கு நூறு. அந்த வகுப்புகளில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டால் ஒரு வரி சொல்ல வராது. ஆனால் சான்றிதழில் என் ஆர்வத்தைப் பற்றி யாரும் குறை எழுதவில்லை.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு வேண்டும் என்றார்கள். கையில் இருந்ததை எடுத்தேன்: இணையவழி வகுப்பில் மாணவர் ஆர்வம். நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர். வருகைப் பதிவையும் யார் எத்தனை முறை பேசினார்கள் என்ற குறிப்பையும் வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு வரைபடம் போட்டேன். முப்பத்திரண்டு பேருக்குக் கோடு ஏறக்குறைய நேராகப் போயிற்று. எட்டுப் பேருக்கு அலை அலையாக வந்தது. ஒரு வாரம் வகுப்புப் பக்கமே வரமாட்டார்கள். அடுத்த வாரம் தினமும் வந்து கேள்வியாய்க் கேட்பார்கள். அதற்கடுத்த வாரம் வருவார்கள், ஆனால் வாயே திறக்கமாட்டார்கள். பிறகு மறுபடி முதலிலிருந்து.

அதற்கு நான் 'ஆர்வச் சுழற்சி' என்று பெயர் வைத்தேன். மதுரைப் பக்கம் இருந்த என் கைடு போனிலேயே குதித்தார். "மேடம், மூணு வார சைக்கிள்! இது புதுக் கண்டுபிடிப்பு. இதையே மெயின் சாப்டரா வைங்க" என்றார். வைத்தேன். ஆர்வம், சோர்வு, மீட்சி என்று இருபத்தொரு பக்கம். எழுதும்போது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஆசிரியர்களை மட்டும் பள்ளிக்கு வரச் சொல்லியிருந்த ஒரு நாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அச்செடுத்த நகலை உன்னிடம் நீட்டினேன். பாராட்டுவாய் என்றுதான் கொடுத்தேன். ஒரு கையில் எலுமிச்சை சாதம், மறு கையால் பக்கத்தைப் புரட்டினாய்.

"இன்னாக்கா இது, மூணு வாரம் மூணு வாரமா போவுது?"

"அதான் கண்டுபிடிப்பு. பிள்ளைங்க ஆர்வம் மூணு வாரத்துக்கு ஒருமுறை குறையுது."

"ஆர்வமா?" நீ சாப்பிடுவதை நிறுத்தினாய். "அக்கா, நீ நெய்வேலிலதான பொறந்த?"

"ஆமா."

"உங்க அப்பா இன்னா வேல பார்த்தாரு?"

"மைன்ஸ்ல. ஏன்?"

"ஏனா? முதல் ஷிப்ட்டு ஒரு வாரம், ரெண்டாவது ஷிப்ட்டு ஒரு வாரம், நைட்டு ஒரு வாரம். மூணு வாரம். நீ வட்டம் போட்டு வச்சிருக்கிற எட்டுப் பேரும் டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு அந்தாண்ட இருக்கிற, மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டுல வேல செய்றவங்க பிள்ளைங்க. வூட்ல ஒரே போன். காலைல அப்பன் போன எடுத்துக்கினு பூட்டா புள்ள எங்கேர்ந்துக்கா வரும்? நைட்டு முடிச்சி வந்து அந்த ஒரே ரூம்ல அவரு தூங்கிக்கினு இருந்தா, புள்ள எப்டி வாயத் தொறக்கும்? இது ஆர்வம் இல்லக்கா. ஷிப்ட்டு."

கையைக் கழுவிவிட்டு வந்து, பென்சிலை எடுத்து, ஒவ்வோர் அலைக்கும் கீழே எழுதினாய். மு, இ, நை. மு, இ, நை. எட்டு வரைபடத்திலும் பிசகாமல் உட்கார்ந்தது.

எனக்கு அது தெரியாதா ஸ்டெல்லா? அப்பா நைட் ஷிப்ட் போகிற வாரம் எங்கள் குவார்ட்டர்ஸில் குக்கர் விசில் கேட்காது, அம்மா பானையில் சோறு வடிப்பார். அப்பா கண்மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். பால்காரர் கூடக் கதவைத் தட்டமாட்டார். எங்கள் வரிசையில் எந்த வீட்டில் இந்த வாரம் நைட் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், அந்த வீட்டுக்கு முன்னால் யாரும் பந்து விளையாட மாட்டோம். ஷிப்டை மூச்சுப்போல் இழுத்து வளர்ந்தவள் நான். ஆய்வாளர் என்று ஒரு நாற்காலி கிடைத்ததும், அந்தப் பிள்ளைகளை வேறு ஊர்க்காரி மாதிரிப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அதை ஒத்துக்கொண்டிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? "நாளைக்கு பைண்டிங்குக்குப் போகணும். கைடு ஓகே சொல்லிட்டாரு."

"உங்க கைடு நெய்வேலிய மேப்புலயாவது பார்த்திருப்பாரா?"

"அப்ப நீயே ஒரு ஆராய்ச்சி பண்ணேன்."

பி.எட். முடித்ததும் மேலே படிக்க நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்றும், உன் மாமியார் படுத்த படுக்கையானதில் அது நின்றுபோனது என்றும் தெரிந்தே அதைச் சொன்னேன். நீ பென்சிலைப் பையில் போட்டாய். டிபன் பாக்ஸை மூடினாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ ஒருநாளும் எடுக்கவில்லை.

வாய்மொழித் தேர்வும் திரையில்தான் நடந்தது. கேட்டவருக்குப் பின்னால் யாரோ காபி கொண்டுவந்து வைத்தார்கள். "நெய்வேலின்னா எல்லாம் கம்பெனி குடும்பங்கதானே மேடம்? வசதியானவங்க. அதனால டிவைஸ் பிரச்சினை இருந்திருக்காது, இல்லையா?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு முதல் வகுப்பு கொடுத்தார்கள். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பொய் அவ்வளவு லேசாக வந்தது.

பள்ளி திறந்ததும் இறைவணக்கக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பண்ருட்டிப் பலாச்சுளையை டப்பா நிறைய எடுத்துவந்து என் மேசையில் வைத்தாய். "சாப்புடுக்கா, எம்.ஏ.க்கா" என்றாய். அதில் குத்தல் இருந்ததா? இல்லை என்று நம்பிக்கொண்டு சாப்பிட்டேன்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. ஆய்வேட்டில் பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பொன்னாடை போர்த்திய அன்றே தலைமையாசிரியர், "அந்த எட்டுப் பேர் யாரு மேடம்? நமக்குள்ளதானே" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். யோசிக்கக்கூட இல்லை.

பிறகு உனக்கு மார்பில் கட்டி வந்தது. நீ போனாய். உன் மகள் ஜெனி இப்போது நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், உன்னைப் போலவே நக்கல்.

நீ போன பிறகும் நம் பள்ளியில் இணைய வகுப்பு போகவில்லை. சனிக்கிழமைகளிலும் காலை வீட்டுப்பாடத்துக்கும் ஒரு செயலி வந்திருக்கிறது. பிள்ளை எத்தனை முறை உள்ளே வந்தது, எத்தனை நிமிஷம் இருந்தது, எத்தனை முறை கை தூக்கியது என்று எல்லாவற்றையும் கூட்டி ஒரு 'ஆர்வப் புள்ளி' கொடுக்கும். அதை அறிமுகம் செய்த சுற்றறிக்கையின் முதல் வரி என்ன தெரியுமா? 'நம் பள்ளி ஆசிரியையின் ஆய்வு காட்டியபடி.' இரண்டு முறை படித்தேன். ஆனாலும் கையெழுத்துப் போட்டு அடுத்தவருக்கு நகர்த்தினேன்.

இந்த வருஷம் பதினோராம் வகுப்பு சேர்க்கை. சங்கவி ஞாபகம் இருக்கிறதா? ஆறாம் வகுப்பில் உன் பின்னாலேயே வந்து, கணக்கை வேறு வழியில் போட்டுக் காட்டுவாளே, அவள்தான். அப்பாவுக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, கன்வேயர் பெல்ட் பக்கம். பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்று நான்கு. முதல் குரூப் கேட்டாள். தலைமையாசிரியர் அறைக்கு அவளையும் அம்மாவையும் கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்பில் அவளுக்கு வகுப்பாசிரியை என்பதால் நானும் அங்கே இருந்தேன்.

"நான் சொல்லலம்மா, கம்ப்யூட்டர் சொல்லுது. உங்க பொண்ணுக்கு ஆறாவதுலேர்ந்தே இன்ட்ரஸ்ட் கம்மி. நம்ம மேடமே ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. தேர்ட் குரூப் எடுத்துக்கட்டும், ஈசியா இருக்கும்."

"கணக்குல தொண்ணூத்தி நாலுங்க சார்."

"மார்க்கு வேற, இன்ட்ரஸ்ட்டு வேறம்மா."

"எங்க வூட்டுக்காரு போன எடுத்துக்கினு போவுறாருங்க. சூப்ரவைசரு எப்ப கூப்புடுவாருன்னு தெரியாதுங்க. எடுக்கலன்னா மறுநாளு வேல இல்லன்னுடுவாங்க." அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க சொல்லுங்க டீச்சர். உங்களுக்குத் தெரியாததுங்களா?"

ஸ்டெல்லா, நான் சொன்னதை உனக்குச் சொல்லவே நாக்கு கூசுகிறது. "பார்க்கலாம்மா. சார் யோசிச்சுச் சொல்லுவாரு" என்றேன்.

வெளியே வந்தபோது சங்கவி வராந்தாவில் நின்றிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மிஸ், லைப்ரரி கண்ணாடி பீரோல இருக்கிற உங்க புக்க நான் படிச்சேன்."

"எப்போ?"

"ஒம்பதாவதுல. அதுல ஏழாம் நம்பர் நான்தானே மிஸ்?"

அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். 'ஏழாம் எண் மாணவி. தந்தை ஒப்பந்தத் தொழிலாளி. ஒரு தங்கை. கணிதத்தில் விருப்பம் உண்டு. மூன்றாவது வாரங்களில் அலட்சியம் காணப்படுகிறது.'

"நான் அலட்சியமா இல்ல மிஸ்" என்றாள். "அந்த வாரம் அப்பா தூங்கிக்கினு இருப்பாரு. நான் வாசப்படில உக்காந்து மியூட்ல கேட்டுக்கினு இருப்பேன். நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் நோட்டுல பதில் எழுதி வச்சேன். அத யாரும் கேக்கல மிஸ்."

தேங்காய் துருவிக்கொண்டு 'பிரசென்ட் சார்' அடித்த நான் ஆர்வமுள்ள மாணவி. வாசற்படியில் உட்கார்ந்து, யாரும் கேட்காத பதிலை நோட்டில் எழுதிய பதினொரு வயதுப் பிள்ளை அலட்சியம். இதை எழுதியது நான். இதற்குப் பட்டம் வாங்கியதும் நான். இப்படிப்பட்ட படிப்பின் மேலும், இப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தின் மேலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இரண்டிலும் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் அந்த அருவருப்பை வெளியே தள்ளவும் இடமில்லை.

அன்று வீட்டுக்கு வந்து பீரோவைக் கலைத்தேன். அடித்தட்டில், பழைய விடைத்தாள் கட்டுக்குக் கீழே, பைண்ட் செய்யாத அந்த முதல் நகல் கிடைத்தது. உன் பென்சில் எழுத்து மங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. மு, இ, நை. ஓரத்தில் ஒரு எலுமிச்சை சாதப் பருக்கை ஒட்டிய எண்ணெய்க் கறை.

மறுநாள் சங்கவியின் அப்பாவிடம் ஷிப்ட் அட்டையை வாங்கிக்கொண்டேன். செயலியிலிருந்து அவளுடைய வருகையை அச்செடுத்தேன். உன் பக்கத்தையும் சேர்த்து மூன்றையும் தலைமையாசிரியர் மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முட்டாள் இல்லை, புரிந்துவிட்டது.

"அப்போ உங்க டிகிரி தப்புன்னு சொல்றீங்களா மேடம்?"

"நான் எழுதினது தப்பு சார்."

"அசிஸ்டென்ட் ஹெச்.எம். போஸ்ட்டுக்கு உங்க பேரதான் அனுப்பிருக்கேன். இந்த எம்.ஏ.ய வச்சித்தான். எழுத்துல குடுத்தா அது ரெக்கார்டுக்குப் போயிடும். யோசிங்க."

யோசித்தேன் ஸ்டெல்லா, பொய் சொல்லமாட்டேன். அந்தப் பதவிக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். கையில் விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாதான் இருந்தது. அதிலேயே எழுதிக் கொடுத்தேன். 'என் ஆய்வில் ஆர்வக் குறைவு என்று குறிப்பிட்டது தந்தையரின் ஷிப்ட் மாற்றமே. அந்த எட்டுப் பெயர்களை நான் கொடுத்ததும் தவறு.'

சங்கவி இப்போது முதல் குரூப்பில் இருக்கிறாள். சந்தோஷப்படாதே, முழுசாகக் கேள். "உங்க முகத்துக்காகச் செய்றேன்" என்றார் தலைமையாசிரியர். அவள் மார்க்குக்காக இல்லையாம், என் முகத்துக்காக. செயலி அப்படியே ஓடுகிறது. மற்ற ஏழு பேரில் இரண்டு பேர் பள்ளியை விட்டே போய்விட்டார்கள். ஐந்து பேர், கேட்ட குரூப் கிடைக்காமல், கிடைத்ததில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குள் வகுப்புகள் ஆரம்பித்துவிட்டன, இனி மாற்ற முடியாது என்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கும் எழுதினேன். 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்தது. உதவித் தலைமையாசிரியராக வேறொருவர் வந்திருக்கிறார். நல்ல மனுஷிதான்.

ஒரு கேள்வி மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. நீ அன்றைக்குச் சொன்னதை மறுபடி ஒருமுறை சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? இல்லை, இன்னும் மோசமாக ஏதாவது சொல்லியிருப்பேனா? நீ சொல்லாமல் விட்டது என்மேல் இருந்த கோபமா, இரக்கமா?

பதில் தெரியாமலேயே உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். லைப்ரரி பீரோவில் இருக்கிற என் ஆய்வேட்டில் உன் பென்சில் பக்கத்தை ஒட்டப்போகிறேன். உன் முழுப்பெயரோடு. 'இதைக் கண்டவர், கணித ஆசிரியை' என்று கீழே எழுதி. அடுத்து ஏதாவது ஒரு பிள்ளை அதைத் திறந்தால், என் இருபத்தொரு பக்கத்துக்கு முன்னால் உன் மூன்று எழுத்தைப் படிக்கட்டும்.

பிறகு அந்த ஏழு பேர் வீட்டுக்கும் போவேன். ஒவ்வொரு வீடாக. அங்கே யாராவது நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தால், எங்கள் பால்காரர் மாதிரிக் கதவைத் தட்டாமல் வாசற்படியில் உட்கார்ந்திருப்பேன். அவர் எழுந்து வந்ததும், உன்னிடம் சொல்லாமல் விட்டதை அவரிடமும் பிள்ளையிடமும் சொல்வேன்.

ஜெனிக்குப் பெரியம்மா,
உனக்கு எப்போதும் அக்கா,
மலர்விழி
நெய்வேலி